பழகிக்கொள்வதும் தகவமைவதும்: அண்டார்க்டிகப் பாறைக்குட்டையில் ஒரு மில்லிமீட்டர் உயிர்

"இந்தக் கொசுவுக்குச் சுருள் பழகிப் போச்சு" என்று சொல்லாத வீடு இருக்காது. பேச்சுக்கு அது சரி. ஆனால் அந்தப் பேச்சோடு சேர்ந்து ஒரு தவறான எண்ணமும் மனதில் ஏறிக்கொள்கிறது: ஏதோ ஒரு கொசு தினமும் புகையைச் சுவாசித்து, மெல்ல உடம்பைத் தேற்றிக்கொண்டு, தேறிய அந்த உடம்பைத் தன் குஞ்சுகளுக்கும் கொடுத்துவிட்டதாக. நடப்பது வேறு. மருந்து அவ்வளவாகப் பாதிக்காத சில கொசுக்கள் முதலிலிருந்தே கூட்டத்தில் இருந்தன. மற்றவை செத்தன, இவை பிழைத்தன. இன்று உங்கள் அறையில் பறப்பவை பிழைத்தவற்றின் வாரிசுகள்.

துருவப் பகுதி உயிரினங்களைப் பற்றித் தமிழில் வரும் செய்திகளில் இதே குழப்பம் இன்னும் பெரிதாக இருக்கிறது. "கடுங்குளிரைத் தாங்குவதற்காகத் தன் மரபணுவை மாற்றிக்கொண்ட அதிசய உயிரினம்" என்று ஒரு வரி வரும். அதில் இரண்டு பிழைகள். எந்த உயிரினமும் ஒரு நோக்கத்துக்காகத் தன் மரபணுவை மாற்றிக்கொள்வதில்லை. அப்புறம், குளிரைத் தாங்க என்று தனியாக ஒரு மரபணு பெரும்பாலும் கிடையாது.

இதை விளக்க நான் எடுத்துக்கொள்ளும் உயிர், பென்குயினோ பனிக்கரடியோ இல்லை. அண்டார்க்டிகக் கரையோரப் பாறைக்குட்டைகளில் நீந்தும், சுமார் ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள ஓர் ஓட்டுடலி. இறால், நண்டு சேர்ந்த பெரிய குடும்பத்துக்குத்தான் ஓட்டுடலிகள் என்று பெயர். எலும்புக்குப் பதில் வெளியே ஓடு, மூட்டு மூட்டான கால்கள், வளரும்போது சட்டை உரித்தல், இவைதான் அடையாளம்.

குட்டை எப்படிப்பட்ட இடம்?

அண்டார்க்டிகத் தீபகற்பத்திலிருந்து ஏறத்தாழ 120 கிலோமீட்டர் தள்ளி, தெற்கு ஷெட்லாந்து தீவுக்கூட்டத்தில், கிங் ஜார்ஜ் தீவு இருக்கிறது. அகலக்கோடு தெற்கே 62 டிகிரி. தென்கொரியா 1988இல் அங்கே ஓர் ஆய்வு நிலையம் அமைத்தது. கிங் செஜோங் நிலையம் என்று பெயர்.

கடல் ஏறி இறங்குவதை ஓதம் என்கிறோம். ஓதம் இறங்கும்போது பாறை இடுக்குகளில் தேங்கி நிற்கும் நீர்தான் ஓதக்குட்டை. சில குட்டைகள் ஒவ்வோர் ஏற்றத்திலும் கடலோடு சேர்ந்துகொள்ளும். மேட்டில் இருப்பவற்றுக்குப் பெரிய அலை வந்தால்தான் புதுநீர்.

துருவக் கடல் குளிர்ந்த கடல்தான், ஆனால் மாறாத கடல். அண்டார்க்டிகக் கடல்நீர் ஆண்டு முழுவதும் மைனஸ் 1.9 டிகிரி செல்சியசிலிருந்து பூஜ்யத்துக்குச் சற்று மேலே வரை, ஒரு குறுகிய எல்லைக்குள்ளேயே இருக்கும். அங்கே வாழும் மீனுக்கு நாளை என்பது இன்று மாதிரிதான். கரையில் உள்ள குட்டைக்கு அந்தச் சலுகை இல்லை. கோடையில் மேகம் விலகி வெயில் அடித்தால் கறுத்த பாறை சூடாகும், ஆழமில்லாத நீரும் கடலைவிடப் பல டிகிரி வெதுவெதுப்பாகும். பக்கத்துப் பனி உருகி ஓடி வந்தால் உப்பு சட்டென்று குறையும். காற்று அடித்து நீர் ஆவியானால் உப்பு ஏறும். ஓதம் ஏறியதும் எல்லாம் அழிந்து மறுபடி பூஜ்ய டிகிரிக் கடல்நீர்.

குளிர்காலம் இன்னும் வேடிக்கை. கிலோவுக்கு 35 கிராம் உப்பு உள்ள கடல்நீர் மைனஸ் 1.9 டிகிரியில் உறையத் தொடங்கும். உறையும் பனிக்கட்டி உப்பைத் தன்னோடு வைத்துக்கொள்வதில்லை, வெளியே தள்ளிவிடும். எனவே பனிக்கு அடியில் மிஞ்சும் நீர் மேலும் மேலும் உவர்க்கும். உப்பு கூடக் கூட உறைநிலை இன்னும் கீழே போகும். ஆகவே அந்த நீர், கடல் போகாத குளிருக்குப் போன பிறகும் திரவமாகவே இருக்கும். அதில் அகப்பட்ட உயிருக்குக் குளிர், உப்பு, ஆக்சிஜன் பற்றாக்குறை மூன்றும் ஒரே நேரத்தில்.

என் கணக்கில் இந்தக் குட்டைகளின் முதல் சோதனை குளிர் இல்லை, ஊசலாட்டம். இதை முதலிலேயே மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் வருவது எளிதாகப் புரியும்.

யார் இந்த உயிரி?

கடலிலும் குளத்திலும் கோடிக்கணக்கில் இருக்கும் நுண்ணிய ஓட்டுடலிகளில் ஒரு பெரும்பிரிவு துடுப்புக்காலிகள். கால்களைத் துடுப்பு போலப் போட்டு நீந்துவதால் அந்தப் பெயர். அவற்றில் டைக்ரியோபஸ் என்ற பேரினம் பாறைக்குட்டைகளையே வீடாகக் கொண்டது. உலகின் பல கரைகளில் அதைச் சேர்ந்த இனங்கள் உண்டு: கொரியா, ஜப்பான் கரைகளில் டைக்ரியோபஸ் ஜப்பானிகஸ், மெக்சிகோவிலிருந்து அலாஸ்கா வரை டைக்ரியோபஸ் கலிபோர்னிகஸ், ஐரோப்பாவில் டைக்ரியோபஸ் பிரெவிகார்னிஸ். கிங் ஜார்ஜ் தீவில் கிடைத்ததை 2014இல் புது இனமாக விவரித்தார்கள். பெயர் டைக்ரியோபஸ் கிங்செஜோங்கென்சிஸ். 15ஆம் நூற்றாண்டில் கொரிய மொழிக்கு எழுத்து உருவாக்கிய அரசர் செஜோங். அவர் பெயரில் நிலையம். நிலையத்தின் பெயரில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஓர் உயிரி. இனி இதை அண்டார்க்டிக டைக்ரியோபஸ் என்றே சொல்கிறேன், வாய் வலிக்காது.

உருப்பெருக்கியில் டைக்ரியோபஸ் இனங்களைப் பார்த்தால் பொதுவாக ஒரே சாயல்: முன்பக்கம் பருத்து வாலை நோக்கி ஒடுங்கும் உடல், தலையின் நடுவே ஒற்றைச் சிவப்புப் புள்ளியாகக் கண், ஆரஞ்சு கலந்த நிறம். பாசியிலிருந்து கிடைக்கும் நிறமிகளை உடலுக்குள் மாற்றிச் செய்துகொள்ளும் அஸ்டாசாந்தின்தான் அந்த நிறம். இறாலை வேகவைத்தால் சிவக்கிறதே, அதே பொருள். பெண்ணின் வால்பக்கம் ஒரு முட்டைப்பை தொங்கும். ஆண், இன்னும் முதிராத பெண்ணை உணர்கொம்பால் கவ்விப் பிடித்துக்கொண்டு, அது முதிரும்வரை விடாமல் கூடவே நீந்தும். இரண்டு உயிர்கள் ஒட்டிக்கொண்டு ஓடுவது போல இருக்கும். பாறையில் படியும் பாசியும் நுண்ணுயிர்களும் உணவு.

ஆய்வாளர்களுக்கு இது பிடித்துப்போனதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு குவளை நீரில் நூற்றுக்கணக்கில் வளர்க்கலாம். வெதுவெதுப்பான இடத்து உறவினங்கள் மூன்று நான்கு வாரத்தில் ஒரு தலைமுறையை முடித்துவிடும். ஒரே குடும்பம், வெவ்வேறு தட்பவெப்பம் என்பதால் ஒப்பிடுவதும் எளிது.

பழகிக்கொள்வது ஒன்று, தகவமைவது இன்னொன்று

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம்.

குட்டையில் உப்பு கூடுகிறது என்று வைத்துக்கொள்வோம். உடலுக்குள் உப்பு குறைவு, வெளியே அதிகம். செல்களிலிருந்து நீர் வெளியேறும், செல் சுருங்கும். நீர் இப்படிச் சவ்வைத் தாண்டிச் செறிவு கூடிய பக்கம் போவதுதான் சவ்வூடு பரவல். டைக்ரியோபஸ் இதற்குச் செய்யும் உபாயம்: புரோலின், அலனின் முதலிய சிறு அமினோ அமிலங்களை (புரதங்களைக் கட்டும் துண்டுகள் இவை) செல்லுக்குள் சேர்த்துவைத்துக்கொள்வது. உள்ளேயும் செறிவு கூடிவிடுவதால் நீர் வெளியேறாது. இந்தச் சேமிப்பு சில மணி நேரங்களில் நடக்கும். மழையோ உருகுநீரோ வந்து உப்பு குறைந்தால், சேர்த்ததைச் செலவழித்துவிடும்.

இது ஒரே உயிரின் வாழ்நாளுக்குள் நடக்கும் சரிக்கட்டல். இதை இணங்கல் என்போம். மரபணு எழுத்து ஒன்றுகூட மாறவில்லை. ஏற்கெனவே இருக்கும் மரபணுக்களில் சில அதிகம் வேலை செய்கின்றன, சில குறைவாக. அந்த உயிர் செத்தால் அதன் சரிக்கட்டலும் அதோடு போயிற்று.

தகவமைவு என்பது தலைமுறைக் கணக்கு. ஒரு கூட்டத்தில் சிலருக்கு மட்டும் இருக்கும் ஒரு மரபணு வேறுபாடு, அவர்கள் கூடுதலாகப் பிழைத்துக் கூடுதலாகப் பிள்ளை பெறுவதால், தலைமுறை தலைமுறையாகக் கூட்டத்தில் பரவுவது. மாறுவது கூட்டத்தின் விகிதம். தனி உயிர் பிறந்தபடியேதான் சாகிறது.

இரண்டும் எங்கே தொட்டுக்கொள்கின்றன என்பதற்குக் கலிபோர்னியக் குட்டைகளில் அருமையான ஓர் உதாரணம் கிடைத்தது. அலனினை உற்பத்தி செய்யும் ஒரு நொதி இருக்கிறது. (நொதி என்றால் உடலுக்குள் ஒரு வேதிவினையை வேகப்படுத்தும் புரதம்.) கலிபோர்னிகஸ் கூட்டங்களில் அந்த நொதிக்கு இரண்டு வடிவங்கள் உண்டு, வேகமானது, மெதுவானது. ரொனால்ட் பர்ட்டனும் மார்கஸ் ஃபெல்ட்மேனும் 1980களின் தொடக்கத்தில் செய்த சோதனைகளில், உப்பு ஏறும்போது வேகமான வடிவம் உள்ளவை அலனினைச் சீக்கிரம் சேர்த்துக்கொண்டன; மெதுவான வடிவம் மட்டுமே உள்ள குஞ்சுகள் அதிகம் இறந்தன. அலனின் சேர்ப்பது எல்லோரும் செய்யும் இணங்கல். எவ்வளவு வேகமாகச் சேர்க்க முடியும் என்பது பிறப்பிலேயே வந்த வேறுபாடு. உப்பு அடிக்கடி ஏறும் குட்டையில் அந்த வேறுபாடு உயிருக்கும் சாவுக்கும் நடுவே நிற்கிறது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: இணங்கல் மணிக்கணக்கில் நடக்கும், ஓர் உடலோடு முடியும். தகவமைவு தலைமுறைக்கணக்கில் நடக்கும், கூட்டத்தில் தங்கும். நன்றாக இணங்கும் திறனே தகவமைவாகப் பரவலாம்.

வேறுபாடு முதலில், குளிர் அப்புறம்

அந்த வேகமான நொதி எங்கிருந்து வந்தது? செல் பிரியும்போது டிஎன்ஏ நகலெடுக்கப்படுகிறது. கோடிக்கணக்கான எழுத்துகளை நகலெடுக்கும்போது அங்கங்கே பிழை விழும். இதுதான் சடுதி மாற்றம். பிழைக்குக் கண் இல்லை. குட்டை உறைகிறது என்று தெரிந்து விழுவதில்லை, உவர்க்கிறது என்று தெரிந்தும் விழுவதில்லை. பெரும்பாலான பிழைகளால் லாபமும் இல்லை நஷ்டமும் இல்லை, சில கெடுதல், மிகச் சில அந்த இடத்துக்குப் பொருந்திப்போகும். பொருந்தியவை சேர்ந்துகொண்டே போக, பொருந்தாதவை கழிந்துகொண்டே போவதற்குத்தான் இயற்கைத் தேர்வு என்று பெயர்.

எளிய விளக்கங்கள் பெரும்பாலும் விட்டுவிடும் ஒன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். சிறிய கூட்டங்களில் தேர்வு இல்லாமலேயே, வெறும் தற்செயலாக ஒரு வடிவம் பரவிவிடலாம். ஒரு பெரிய அலை குட்டையைக் கழுவிப்போய்ப் பத்து உயிர்கள் மட்டும் மிஞ்சினால், அந்தப் பத்தின் மரபணுக்கள்தான் அடுத்த கூட்டம், அவை சிறந்தவையாக இருந்தாலும் இல்லாவிட்டாலும். இது மரபணு நகர்வு. துருவக் குட்டையில் வாழும் ஓர் உயிரிடம் ஏதாவது வித்தியாசமாக இருந்தால் உடனே "இது குளிருக்காக வந்தது" என்று சொல்லிவிட முடியாததற்கு இதுதான் முதல் காரணம்.

குளிர் உடலுக்குள் என்ன செய்கிறது?

மார்கழியில் தேங்காய் எண்ணெய் புட்டிக்குள் உறைந்து நிற்கும். பக்கத்திலேயே நல்லெண்ணெய் ஒன்றும் ஆகாமல் ஊற்ற ஊற்ற வரும். இரண்டும் கொழுப்புதான். தேங்காய் எண்ணெயில் உள்ள கொழுப்பு அமிலங்கள் பெரும்பாலும் நேரான சங்கிலிகள். நெருக்கமாக அடுக்கிக்கொண்டு சீக்கிரம் கெட்டியாகும். நல்லெண்ணெயில் உள்ளவற்றில் பெரும்பாலானவற்றுக்கு நடுவில் ஒரு வளைவு இருக்கிறது, அடுக்க வராது. வேதியியலில் முதல் வகையை நிறைவுற்ற கொழுப்பு என்றும், வளைவுள்ளதை நிறைவுறாக் கொழுப்பு என்றும் சொல்வார்கள்.

ஒவ்வொரு செல்லையும் சுற்றியிருக்கும் சவ்வும் இதே கொழுப்பு அமிலங்களால் ஆனது. குளிரில் சவ்வு இறுகினால் உப்பையும் உணவையும் உள்ளே வெளியே கடத்தும் புரதங்கள் அசைய முடியாமல் மாட்டிக்கொள்ளும். எனவே குளிர்நீர் விலங்குகளின் சவ்வில் வளைவுள்ள வகை அதிகம் இருக்கும். வளைவைப் போடுவதற்கென்றே நொதிகள் உண்டு. ஓதக்குட்டையிலோ காலையில் ஒரு வெப்பம், மதியம் இன்னொரு வெப்பம். அங்கே ஒரேயடியாக இளகிய சவ்வும் ஆபத்து, இறுகிய சவ்வும் ஆபத்து.

இரண்டாவது தொல்லை வேகம். வெப்பம் 10 டிகிரி குறைந்தால் உடலின் வேதிவினைகள் பொதுவாகப் பாதியாகவோ மூன்றில் ஒரு பங்காகவோ மெதுவாகும். நொதிகள் வேலை செய்யும்போது லேசாக வடிவம் மாறி மாறித் திரும்பும். குளிரில் அந்த அசைவு சிரமம். குளிரில் வாழும் விலங்குகளின் நொதிகள் பல, வெப்பநாட்டு உறவினங்களின் நொதிகளைவிடச் சற்றுத் தளர்வான கட்டுமானம் கொண்டவை. ஓரிரண்டு அமினோ அமிலங்கள் மாறினாலே அந்தத் தளர்வு வந்துவிடும். அதற்கு விலையும் உண்டு: தளர்ந்த புரதம் வெப்பம் ஏறினால் சீக்கிரம் சிதையும்.

மூன்றாவது ஆற்றல். மெதுவான வினைகள், உப்பை வெளியே தள்ளும் ஓயாத வேலை, சிதைந்த புரதங்களைச் செப்பனிடும் செலவு. எல்லாவற்றுக்கும் கொடுக்க வேண்டிய நாணயம் ஏடிபி என்ற மூலக்கூறு. அதைத் தயாரிப்பது செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா. குளிர்க் குட்டையின் கதை பெரும்பாலும் இந்த வரவு செலவுக் கதைதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அடுத்து வரும் ஆய்வும் அந்தப் பக்கமே கைகாட்டுகிறது.

மரபணுத்தொகையைப் படித்தபோது

ஓர் உயிரின் டிஎன்ஏ முழுவதையும் சேர்த்து மரபணுத்தொகை என்கிறோம். அண்டார்க்டிக டைக்ரியோபஸின் மரபணுத்தொகையைக் கொரிய ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்டார்கள். சுமார் 29.5 கோடி எழுத்துகள். மனிதனுடையது 300 கோடிக்கு மேல். அதில் புரதம் செய்யும் மரபணுக்கள் 12,772 என்று கணித்தார்கள்.

அப்புறம் ஒப்பீடு. கொரியக் கரையில் வாழும் ஜப்பானிகஸ் உள்ளிட்ட உறவினங்களோடு வைத்துப் பார்த்து, எந்த மரபணுக்கள் வேகமாக மாறியிருக்கின்றன என்று தேடினார்கள். வேகமாக மாறியது என்பதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? இது கொஞ்சம் உட்கார்ந்து பார்க்க வேண்டிய விஷயம்.

டிஎன்ஏவில் நான்கு எழுத்துகள்: ஏ, டி, ஜி, சி. மூன்று எழுத்துகள் சேர்ந்து ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கும். ஜி-ஏ-ஏ என்றால் குளூட்டாமிக் அமிலம். ஜி-ஏ-ஜி என்றாலும் அதே குளூட்டாமிக் அமிலம்தான். கடைசி எழுத்து மாறியும் புரதத்தில் ஒன்றும் மாறவில்லை. இது ஊமை மாற்றம். ஆனால் ஜி-ஏ-ஜி, ஜி-டி-ஜி ஆகிவிட்டால் வாலின் என்ற வேறு அமினோ அமிலம் வந்து உட்காரும். இது பேசும் மாற்றம் என்று வைத்துக்கொள்வோம். மனிதர்களுக்கு வரும் அரிவாள் செல் நோய்க்குக் காரணம் இந்த ஒரே எழுத்து மாற்றம்தான்.

ஊமை மாற்றங்களை இயற்கைத் தேர்வு பெரிதாகக் கண்டுகொள்வதில்லை, அவை காலப்போக்கில் சீராகச் சேர்ந்துகொண்டே இருக்கும். ஆகவே அவை ஒரு கடிகாரம். பேசும் மாற்றங்களில் பெரும்பாலானவை கெடுதல் என்பதால் வழக்கமாகக் கழிக்கப்பட்டுவிடும். ஒரு மரபணுவில், வாய்ப்புக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்கையில், ஊமை மாற்றங்களைவிடப் பேசும் மாற்றங்கள் மிஞ்சி நின்றால், யாரோ அவற்றைப் பொறுக்கியெடுத்து வைத்திருக்கிறார்கள் என்று பொருள். அந்த யாரோ, இயற்கைத் தேர்வு. இந்த அடையாளத்துக்கு நேர்த்தேர்வின் தடம் என்று பெயர்.

அண்டார்க்டிக டைக்ரியோபஸில் அந்தத் தடம் தெரிந்த மரபணுக்களில் ஆற்றல் உற்பத்தியைச் சேர்ந்தவை தனித்து நின்றன. இந்த இனத்திடம் மட்டுமே காணப்பட்ட மரபணுக்களில், பொருள்களைக் கடத்துவதும் வளர்சிதை மாற்றமும் சார்ந்தவை அதிகம். சவ்வு, உப்பு, ஏடிபி என்று மேலே பேசினோமே, அவை எல்லாம் வருகிற துறைகள்தான் இவை.

இங்கே அவசரப்படக்கூடாது. தடம், தேர்வு நடந்தது என்று சொல்லும். எதனால் என்று சொல்லாது. கிங் ஜார்ஜ் தீவுக்கும் கொரியாவுக்கும் வெப்பத்தில் மட்டுமா வித்தியாசம்? பகல் நீளம், உணவு, உப்பு, புற ஊதாக் கதிர் எல்லாமே வேறு. போதாததற்கு, அந்த மரபணுத்தொகையைச் சின்னச் சின்னத் துண்டுகளாகப் படித்து ஒட்டியிருக்கிறார்கள். ஒட்டிய பிறகும் 27,823 துண்டுகள். சிறு துண்டுகளில் ஒரே மரபணுவின் இரண்டு மூன்று பிரதிகள் அடுத்தடுத்து இருந்தால் எண்ணுவது கடினம். எது குளிருக்கு, எது உப்புக்கு என்று பிரிக்க வேண்டுமானால் உயிரிகளை ஒரே மாதிரிச் சூழலில் ஓரிரு தலைமுறை வளர்த்து, அப்புறம் சோதிக்க வேண்டும். அப்போதுதான் இணங்கல் கழிந்து பிறப்பில் வந்தது மிஞ்சும்.

சுருக்கம்: மரபணுத்தொகை, எங்கே தோண்ட வேண்டும் என்று காட்டும் வரைபடம். அந்த வரைபடத்தில் ஆற்றல் உற்பத்தி இருக்கும் இடம் பளிச்சென்று தெரிகிறது.

ஆற்றல் மரபணுக்கள் ஏன் இவ்வளவு நுட்பமானவை?

மைட்டோகாண்ட்ரியாவுக்குச் சொந்தமாக ஒரு சின்ன டிஎன்ஏ உண்டு, தாய்வழியாக மட்டும் வரும். விலங்குகளில் அது வழக்கமாக 13 புரதங்களைச் செய்யும். ஏடிபி ஆலைக்குத் தேவையான மற்ற புரதங்கள், உட்கருவின் டிஎன்ஏவிலிருந்து வருகின்றன. இரண்டு இடத்திலிருந்து வரும் புரதங்கள் கச்சிதமாகப் பொருந்தினால்தான் ஆலை ஓடும்.

கலிபோர்னிகஸ் குட்டைக் கூட்டங்கள் ஒன்றுக்கொன்று பல காலமாகக் கலக்காமல் பிரிந்து வாழ்பவை. தூரத்துக் குட்டைகளின் ஆணையும் பெண்ணையும் சேர்த்தால் முதல் தலைமுறை நன்றாகவே இருக்கும். அவை தமக்குள் சேர்ந்து பிறக்கும் இரண்டாம் தலைமுறை நொந்துபோகும்: வளர்ச்சி மந்தம், ஏடிபி குறைவு. அவற்றைத் தாய்வழிக் கூட்டத்தோடு மறுபடி சேர்த்தால் பிள்ளைகள் தேறிவிடுகின்றன. தந்தைவழியோடு சேர்த்தால் தேறுவதில்லை. தாயின் மைட்டோகாண்ட்ரியாவுக்குத் தாயின் உட்கரு மரபணுக்கள் மீண்டும் துணைக்கு வந்ததே காரணம். பர்ட்டனும் அவர் குழுவினரும் பல ஆண்டுகளாகக் காட்டிவருவது இது.

ஆக, "குளிர் மரபணு" என்று ஒன்றைத் தேடுவது ஏன் வீண் என்று இங்கே தெரிந்துவிடுகிறது. ஆற்றல் ஆலையில் ஒரு புரதம் மாறினால் அதோடு இழைந்து வேலை செய்யும் பக்கத்துப் புரதமும் காலப்போக்கில் மாற வேண்டியிருக்கிறது. தகவமைவு ஒரு மரபணுவில் உட்கார்ந்திருப்பதில்லை, ஒன்றோடொன்று பழகிய ஒரு கூட்டத்தில் இருக்கிறது.

உறைதடுப்புப் புரதம்? இழந்த மரபணு?

சரி, உறைதடுப்புப் புரதம் என்று படித்திருக்கிறோமே என்று கேட்கலாம். உண்மைதான். அண்டார்க்டிக மீன்கள் சிலவற்றின் ரத்தத்தில் பனித்துகளைப் பிடித்து வளரவிடாமல் செய்யும் புரதம் இருக்கிறது. செரிமான நொதி ஒன்றின் பழைய மரபணுவிலிருந்து அது உருவானது என்று 1997இல் காட்டினார்கள். ஓட்டுடலிகளிலும் ஓர் உதாரணம் உண்டு. அண்டார்க்டிகக் கடற்பனிக்குள் வாழும் ஸ்டெஃபோஸ் லாஞ்சிபெஸ் என்ற துடுப்புக்காலியிடம் பனியைப் பிடிக்கும் புரதத்தின் மரபணு கிடைத்தது. அது டயட்டம் பாசிகளின் மரபணுவை ஒத்திருப்பதால், பாசியிலிருந்தே தாவி வந்திருக்கலாம் என்று 2010இல் கருத்து வைக்கப்பட்டது. ஆனால் அது பனிக்குள் வாழும் உயிர். குட்டைவாசிகளுக்கு இன்னொரு எளிய வழி கைவசம் இருக்கிறது: உப்புக்காகச் சேர்க்கும் அமினோ அமிலங்கள் உடல்நீரின் உறைநிலையையும் கொஞ்சம் இறக்கிவிடும். ஒரு செலவில் இரண்டு வரவு.

தகவமைவு என்றதும் கூடுதலாக எதையோ பெறுவது என்றே நினைக்கிறோம். இழப்பதும் உண்டு. வெப்பம் ஏறும்போது சிதையும் புரதங்களைத் தாங்கிப் பிடிக்க, வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் என்று ஒரு வகை ஏறத்தாழ எல்லா உயிர்களிலும் உண்டு. அண்டார்க்டிகக் கடலில் வாழும் பாராசெரடோகஸ் கிப்பர் என்ற ஓட்டுடலியைச் சூடேற்றிப் பார்த்தபோது, அந்த வகையின் முக்கியப் புரதம் வழக்கம்போல் கூடவில்லை என்று 2008இல் அறிவித்தார்கள். வெப்பமே மாறாத கடலில் அந்த ஏற்பாட்டைப் பழுதில்லாமல் காப்பாற்ற எந்த நெருக்கடியும் இல்லை. கலிபோர்னிகஸோ, ஆக்சிஜன் குறையும்போது பெரும்பாலான விலங்குகள் பயன்படுத்தும் எச்சரிக்கை மரபணுப் பாதையையே இழந்துவிட்டிருக்கிறது. 2019இல் இது தெரியவந்தது. இரவில் ஆக்சிஜன் தீர்ந்துபோகும் குட்டையில் அது இல்லாமலே சமாளிக்கிறது என்பதுதான் ஆச்சரியம்.

வெப்பம் கூடினால் தகவமைந்துகொள்ளாதா?

அண்டார்க்டிகத் தீபகற்பத்தின் மேற்குப்பக்கம் 20ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் சுமார் 3 டிகிரி சூடேறியது. உலகிலேயே வேகமாகச் சூடான பகுதிகளில் ஒன்று. "அதனால் என்ன, உயிர்கள் தகவமைந்துகொள்ளும்" என்று சொல்பவர்கள், மேலே பார்த்த "பழகிப் போச்சு" கணக்கைத்தான் போடுகிறார்கள்.

இதை நேரடியாகச் சோதித்தவர் மார்கன் கெல்லி. அவரும் குழுவினரும் கலிபோர்னிகஸின் 8 கூட்டங்களை, 17 டிகிரி அகலக்கோடு வித்தியாசத்தில் பரவியிருந்த குட்டைகளிலிருந்து எடுத்து, ஒரே ஆய்வகத்தில் வளர்த்தார்கள். ஒவ்வொரு தலைமுறையிலும் சூட்டில் பிழைத்தவற்றை மட்டும் பெருக்கினார்கள், 10 தலைமுறை. 2012இல் வந்த முடிவு: குளிர்ந்த வடக்குக் குட்டைகளிலிருந்து வந்தவை, இணங்கலாலும் சரி, 10 தலைமுறைத் தேர்வாலும் சரி, வெதுவெதுப்பான தெற்குக் குட்டைகளிலிருந்து வந்தவற்றின் தாங்குதிறனை எட்டவில்லை. நான்கு கூட்டங்களில் ஐந்தாம் தலைமுறைக்குப் பிறகு முன்னேற்றமே இல்லை. காரணம் எளிது. வெப்பத்தாங்குதிறனில் இந்த இனம் முழுவதும் காணும் வேறுபாட்டில் ஒரு சதவீதத்துக்கும் குறைவே ஒரு கூட்டத்துக்குள் இருந்தது. மீதி எல்லாம் கூட்டத்துக்குக் கூட்டம் உள்ள வேறுபாடு. தேர்வு என்பது இருப்பதிலிருந்துதான் பொறுக்கும். கையிருப்பு தீர்ந்தால் புதிய சடுதி மாற்றம் விழும்வரை காத்திருக்க வேண்டும், இல்லையென்றால் தெற்கிலிருந்து யாராவது வந்து கலக்க வேண்டும். இந்தக் குட்டைகளுக்கு இடையே அந்தப் போக்குவரத்து மிகக் குறைவு.

அண்டார்க்டிக டைக்ரியோபஸுக்கு இந்தக் கணக்கு இரண்டு பக்கமும் பேசுகிறது. ஊசலாடும் குட்டையில் வாழ்வதால், மாறாத கடலில் வாழும் அயலாரைவிட அதற்கு வெப்பநிலை மாற்றம் புதிதில்லை. ஆனால் குளிரில் ஒரு தலைமுறை முடிய அதிக நாள் ஆகும். கலிபோர்னியாவில் பத்துத் தலைமுறை ஓடும் காலத்தில் அங்கே எத்தனை ஓடும் என்பதைப் பொறுத்துத்தான் தேர்வுக்குக் கிடைக்கும் வாய்ப்பு. தவிர, ஒரு தீவின் குட்டைகளில் உள்ள கூட்டத்துக்குள் எவ்வளவு வேறுபாடு கையிருப்பில் இருக்கிறது என்பதை ஒரே ஒரு மரபணுத்தொகை சொல்லிவிடாது. பல குட்டைகளிலிருந்து பல உயிரிகளை எடுத்து, 12,772 மரபணுக்களிலும் வடிவங்களை எண்ணிப் பார்த்தால்தான் சொல்ல முடியும்.